ஹேங் ஆகும் சர்வர் அப்ளிகேஷனைக் கண்டுபிடித்துத் தானாக மீட்பது: முழுமையான வழிகாட்டி

சர்வரில் ஓடும் அப்ளிகேஷன் பதில் சொல்லாமல் நின்றுவிட்டால் அதைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும், தானாக மீட்க வேண்டும், ஏன் நின்றது என்பதற்கான தடயமும் கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்குமான ஏற்பாட்டை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ரீஸ்டார்ட் கட்டளையிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வரிசையில் அது ஏழாவதாகத்தான் வருகிறது. முந்தைய ஆறும் இல்லாமல் ரீஸ்டார்ட்டை மட்டும் தானியங்கியாக்கினால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனைக் கொல்லும் ஸ்கிரிப்ட் ஒன்றுதான் மிஞ்சும்.

நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு மிகச் சாதாரணமானது: உபுண்டு அல்லது டெபியன் சர்வர், அதில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்திப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி, 8080 போர்ட்டில் ஹெச்டிடிபி பேசும் ஒரு அப்ளிகேஷன், அதற்கு முன்னால் பயனர் கோரிக்கைகளை வாங்கி அதற்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ். கட்டளைகளையும் கான்ஃபிக் வரிகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போதும் மேனுவலில் தேடும்போதும் ஆங்கில எழுத்திலேயே போடுங்கள்.

1. செத்ததா, ஹேங் ஆனதா என்று முதலில் பிரியுங்கள்

இரண்டுக்கும் மருந்து வேறு. ப்ராசஸ், அதாவது மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன், செத்துப்போனால் சிஸ்டம்டிக்கு அந்தக் கணமே தெரியும். ஹேங் ஆனால் அதற்குத் தெரியவே தெரியாது. ப்ராசஸ் உயிரோடு இருக்கிறது, எனவே நிலையைக் கேட்டால் பச்சை நிறத்தில் ‘ஆக்டிவ், ரன்னிங்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

என்ஜின்எக்ஸ் காட்டும் பிழை எண்ணே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அப்ளிகேஷன் செத்திருந்தால் 502 உடனே வரும், ஏனென்றால் 8080-இல் கேட்க ஆளே இல்லை. ஹேங் ஆகியிருந்தால் பயனர் ஒரு நிமிடம் காத்திருந்த பிறகு 504 வரும். என்ஜின்எக்ஸ் பதிலுக்குக் காத்திருக்கும் இயல்பான நேரம் 60 விநாடி, அதனால்தான் அந்த ஒரு நிமிடம்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை இங்கே ஏமாற்றும். டிசிபி கனெக்ஷனை ஏற்றுக் கைகுலுக்குவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். அப்ளிகேஷன் எழுந்து வந்து அதை எடுத்துக்கொள்ளும் வரை அந்த கனெக்ஷன் ஒரு வரிசையில் காத்திருக்கும். அப்ளிகேஷன் முழுவதுமாக உறைந்திருந்தாலும் வரிசையில் இடம் இருக்கும் வரை ‘கனெக்ட் ஆனது’ என்றே பதில் வரும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். எஸ்எஸ் கட்டளையை எல், டி, என் ஆகிய மூன்று எழுத்துகளோடு ஓட்டுங்கள். கேட்கும் நிலையில் உள்ள போர்ட்டுக்கு நேரே, பெறும் வரிசை என்ற முதல் எண் இன்னும் எடுக்கப்படாமல் காத்திருக்கும் கனெக்ஷன்கள். இரண்டாவது எண் அந்த வரிசையின் அளவு. நல்ல நிலையில் முதல் எண் 0 அல்லது அதற்கு அருகில் இருக்கும். 128 அளவுள்ள வரிசையில் அது 129-இல் வந்து அசையாமல் நின்றால், அப்ளிகேஷன் எதையும் எடுக்கவில்லை, வரிசையும் நிரம்பிவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் வரும் கனெக்ஷன்கள் கைகுலுக்கும் இடத்திலேயே டைம்அவுட் ஆகும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு கோரிக்கை அனுப்பினால், குறித்த நேரத்துக்குள் சரியான பதில் வருகிறதா?

2. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

அப்ளிகேஷன் ஒரு சிஸ்டம்டி யூனிட்டாக, அதாவது எப்படி ஓட்டுவது என்று ஒரு ஃபைலில் எழுதிச் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்த சர்வீஸாக, ஓட வேண்டும். டெர்மினலை மூடினாலும் ஓட வேண்டும் என்று நோஹப் போட்டோ ஸ்கிரீனுக்குள்ளோ ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். யார் பெற்ற ப்ராசஸ், அதற்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு சிஸ்டம்டியிடம் இருந்தால்தான் முழுதாக நிறுத்தவும் எழுப்பவும் முடியும்.

சிஸ்டம்டி சேர்த்துவைக்கும் ஜர்னல் லாக் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கிறதா என்று பாருங்கள். வார் லாக் டைரக்டரிக்குள் ஜர்னல் என்ற டைரக்டரி இல்லாவிட்டால் பல அமைப்புகளில் லாக் மெமரியில் மட்டுமே இருக்கும். மெஷினையே ரீபூட் செய்ய வேண்டி வந்த இரவின் லாக்தான் நமக்கு அதிகம் தேவைப்படும், அதுவே காணாமல் போகும்.

இரண்டு எண்களை அளந்து எழுதி வையுங்கள். அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகி முதல் பதில் சொல்ல எத்தனை விநாடி ஆகிறது? அதிக லோடு இருக்கும் நேரத்தில் சாதாரணமான ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? பின்னால் வரும் எல்லா டைம்அவுட்டும் இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கும். இணையத்தில் கண்ட ஸ்கிரிப்ட்டின் 5 விநாடியை அப்படியே எடுத்துப்போட்டால், மாதக் கடைசியில் ரிப்போர்ட் ஓடும் நேரத்தில் அது உங்கள் அப்ளிகேஷனைச் சுட்டுத்தள்ளும்.

கடைசியாக ஒரு கேள்வி, இதை அப்ளிகேஷன் எழுதியவரிடமே கேட்க வேண்டும்: வேலை பாதியில் இருக்கும்போது கொன்றால் என்ன கெடும்? மெமரியில் மட்டும் வைத்திருக்கும் வேலை வரிசை, பாதி எழுதிய ஃபைல், இரண்டு முறை போகக்கூடாத பணப் பரிவர்த்தனை என்று எதுவாவது இருந்தால், அதைச் சரிசெய்யும் வரை தானியங்கி மீட்பை இயக்க வேண்டாம். அதுவரை எச்சரிக்கை மட்டும் அனுப்புங்கள்.

3. ஹெல்த் முகவரி: எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

அப்ளிகேஷனில் ஒரு சிறிய முகவரி வையுங்கள். அதைக் கூப்பிட்டால் 200 என்று பதில் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதில் எந்த வழியாக வருகிறது என்பது முக்கியம். நிஜக் கோரிக்கைகளைக் கையாளும் அதே த்ரெட் (ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலை ஓட்டம்) கூட்டத்தின் வழியாகவே அதுவும் வர வேண்டும். சில ஃபிரேம்வொர்க்குகளில் ஹெல்த் பதிலைத் தனி போர்ட்டில், தனி த்ரெட்டில் வைக்கும் வசதி உண்டு. அப்படி வைத்தால் வேலை செய்யும் த்ரெட்டுகள் அத்தனையும் மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் ஹெல்த் முகவரி மட்டும் ஜோராக 200 சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ‘டேட்டாபேஸையும் சேர்த்துச் சோதித்துவிடலாமே’ என்று அதே முகவரிக்குள் ஒரு கொயரியைப் போட்டுவிடுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் டேட்டாபேஸ் 2 நிமிடம் விழுந்தால் என்ன ஆகும்? எல்லா அப்ளிகேஷன் சர்வர்களும் ஒரே நேரத்தில் ‘கெட்டது’ என்று முத்திரை குத்தப்பட்டு ரீஸ்டார்ட் ஆகும். ரீஸ்டார்ட் செய்ததால் டேட்டாபேஸ் எழுந்துவிடாது. அது தட்டுத்தடுமாறி எழும் நேரத்தில் அத்தனை சர்வர்களும் புதிய கனெக்ஷன்களோடு ஒன்றாக வந்து மோதும், திரும்பவும் விழும்.

எனவே இரண்டு முகவரிகள் வையுங்கள். ஒன்று ‘நான் உயிரோடு இருக்கிறேனா’. வெளியே எதையும் தொடாது. ரீஸ்டார்ட் முடிவை இதை மட்டும் வைத்து எடுங்கள். மற்றொன்று ‘வேலை செய்யத் தயாரா’. டேட்டாபேஸ், கேஷ் எல்லாவற்றையும் பார்க்கும். இதைக் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிரும் லோடு பேலன்சரும் எச்சரிக்கையும் பயன்படுத்தட்டும். ரீஸ்டார்ட் செய்தால் தீரக்கூடிய நோய்க்குத்தான் ரீஸ்டார்ட்.

இந்த முகவரிகளை என்ஜின்எக்ஸில் வெளி உலகத்துக்குத் திறக்க வேண்டாம். ஒவ்வொரு சோதனையும் அக்சஸ் லாக்கில் ஒரு வரி எழுதாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தேவையான வரிகள் இந்தக் குப்பையில் புதைந்துவிடும்.

4. செத்தால் எழுப்புவது: சிஸ்டம்டி வேலை

ஹேங் பிரச்சினைக்குப் போகும் முன் எளிதானதை முடித்துவிடுவோம். யூனிட் ஃபைலை நேராகத் திருத்த வேண்டாம். சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளை தனியாக ஒரு ஃபைல் உருவாக்கித் தரும், பேக்கேஜ் அப்டேட் ஆனாலும் அது அழியாது.

சர்வீஸ் பகுதியில் ரீஸ்டார்ட் என்ற வரிக்கு இரண்டு மதிப்புகள்தான் பெரும்பாலும் தேவைப்படும். ‘ஆன் ஃபெயிலியர்’ என்று போட்டால், பிழையோடு வெளியேறினாலோ கில் போன்ற சிக்னலால் செத்தாலோ எழுப்பும். ஆனால் அப்ளிகேஷன் தானாக 0 என்ற குறியீட்டோடு வெளியேறினால் எழுப்பாது. ‘ஆல்வேஸ்’ என்று போட்டால் எப்படி வெளியேறினாலும் எழுப்பும். நீங்களே ஸ்டாப் கொடுத்தால் மட்டும் இரண்டுமே சும்மா இருக்கும். எப்போதும் ஓட வேண்டிய சர்வருக்கு ஆல்வேஸ் போடுங்கள். டேட்டாபேஸ் கனெக்ஷன் கிடைக்காமல் ‘நல்ல பிள்ளையாக’ 0-வோடு வெளியேறும் அப்ளிகேஷன்கள் நிறைய உண்டு.

அப்புறம் இடைவெளி. ரீஸ்டார்ட்செக் என்ற வரி இல்லாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிவிநாடியில் மறுபடி எழுப்பும். 10 விநாடிக்குள் 5 முறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அதற்கு மேல் முயலாது என்பது அதன் இயல்பான வரம்பு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: ஸ்டார்ட் ஆனதும் சாகும் அப்ளிகேஷன் கண்மூடித் திறப்பதற்குள் 5 முறை செத்து, யூனிட் ‘ஃபெயில்டு’ நிலைக்குப் போய், அப்படியே கிடக்கும். டேட்டாபேஸ் அடுத்த அரை நிமிடத்தில் தயாராகியிருக்கும், ஆனால் எழுப்ப யாரும் இல்லை.

மறுபுறம், ரீஸ்டார்ட்செக்கை மட்டும் 5 விநாடி என்று மாற்றினால் 10 விநாடிக்குள் 5 முறை என்பது நடக்கவே நடக்காது. அது முடிவில்லாமல் எழுந்து எழுந்து சாகும். இரண்டு வரிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நான் தொடங்குவது இப்படி: இடைவெளி 5 விநாடி, 5 நிமிடத்துக்குள் 10 முறை. ஸ்டார்ட்லிமிட் என்று தொடங்கும் இரண்டு வரிகளும் யூனிட் பகுதியில் வர வேண்டும். பழக்கத்தில் சர்வீஸ் பகுதிக்குள் போட்டுவிடுவது சகஜமான பிழை.

டைம்அவுட்ஸ்டாப்செக் இப்போதே அமையுங்கள். ஸ்டாப் கொடுத்தால் சிஸ்டம்டி முதலில் ‘முடித்துக்கொள்’ என்னும் டெர்ம் சிக்னல் அனுப்பிக் காத்திருக்கும், பிறகுதான் கட்டாயமாகக் கொல்லும் கில் சிக்னல். அந்தக் காத்திருப்பு பெரும்பாலான அமைப்புகளில் 90 விநாடி. உறைந்த அப்ளிகேஷன் டெர்ம் சிக்னலைக் கண்டுகொள்ளாது. அப்படியானால் ஒவ்வொரு மீட்பிலும் ஒன்றரை நிமிடம் வீண். உங்கள் அப்ளிகேஷனின் மிக நீளமான சாதாரணக் கோரிக்கையை விடக் கொஞ்சம் அதிகமாக, 20 விநாடி போல, வையுங்கள். முடித்ததும், சிஸ்டம்டி புதிய வரிகளைப் படிக்க, டீமன் ரீலோட் ஓட்ட மறக்க வேண்டாம். எடிட் கட்டளை வழியாகச் செய்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கில்மோட் வரியை ‘ப்ராசஸ்’ என்று யாராவது மாற்றி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது தலைமை ப்ராசஸை மட்டும் கொன்று பிள்ளைகளை விட்டுவிடும். அந்தப் பிள்ளை 8080-ஐப் பிடித்துக்கொண்டிருக்க, புதியது ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று சொல்லிச் சாகும்.

5. ஹேங் ஆனதைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட்

இது ஹெச்டிடிபி கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையைச் சுற்றி எழுதும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். நீளம் பெரிதாக இருக்காது, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது.

கர்லுக்கு மேக்ஸ்-டைம் கட்டாயம் கொடுங்கள். அது இல்லாவிட்டால் உறைந்த அப்ளிகேஷன் முன்னால் கர்லும் சேர்ந்து உறைந்து நிற்கும். ஃபெயில் என்ற ஆப்ஷனும் வேண்டும். அது இல்லாமல் 500 பிழை வந்தாலும் கர்ல் வெற்றி என்றே சொல்லும். வெளியேறும் குறியீட்டை லாக்கில் எழுதுங்கள்: 28 என்றால் டைம்அவுட், 7 என்றால் கனெக்ட்டே ஆகவில்லை, 22 என்றால் பதில் வந்தது ஆனால் 400 அல்லது அதற்கு மேற்பட்ட பிழை. நமக்கு ஹேங் என்பது 28. குறியீடு 7 வந்தால் அது பெரும்பாலும் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும் வேலை. 22 வந்தால் எச்சரிக்கை மட்டும் அனுப்புங்கள், ஏனென்றால் பதில் சொல்லும் அப்ளிகேஷன் ஹேங் ஆகவில்லை.

முகவரியில் 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் சில சமயம் ஐபி 6-ஆம் பதிப்பு முகவரிக்கு முதலில் போகும். அப்ளிகேஷன் 4-ஆம் பதிப்பில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் குழப்பம். என்ஜின்எக்ஸ் வழியாகவும் போக வேண்டாம். அது பழுதானால் அப்ளிகேஷன் தண்டனை அனுபவிக்கும்.

ஒரு தோல்வியை வைத்து முடிவெடுக்காதீர்கள். தொடர்ந்து 3 முறை தோற்றால்தான் ஹேங். எண்ணிக்கையை ரன் டைரக்டரிக்குள் ஒரு ஃபைலில் வையுங்கள். அது மெமரியில் இருப்பதால் ரீபூட் ஆனதும் தானாகக் காலியாகும். வெற்றி வந்த உடனே எண்ணிக்கையை 0 ஆக்க வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால், திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று என்று சேர்ந்து, எந்தக் கோளாறும் இல்லாத நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும். காரணம் தேடி மண்டை காய்ந்துவிடும்.

சோதிக்கும் முன் ஸ்கிரிப்ட் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, யூனிட் ஆக்டிவாக இருக்கிறதா? யாராவது பராமரிப்புக்காக வேண்டுமென்றே நிறுத்தியிருந்தால் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் வெளியேற வேண்டும். டேட்டாபேஸ் மைக்ரேஷன் பாதியில் இருக்கும்போது காவல்காரன் அப்ளிகேஷனை எழுப்பிவிடுவது மிக மோசமான விபத்து. இரண்டாவது, ஸ்டார்ட் ஆகி எவ்வளவு நேரம் ஆகிறது? படி 2-இல் அளந்த ஸ்டார்ட் நேரத்தின் இரண்டு மடங்கு கடக்கும் வரை சோதனையே வேண்டாம். சாதாரண வகை யூனிட்டுகளை, ப்ராசஸ் பிறந்த உடனே சிஸ்டம்டி ஆக்டிவ் என்று குறித்துவிடும். அதற்கும் தயார் நிலைக்கும் சம்பந்தமில்லை.

ஸ்கிரிப்ட்டை, ஒருமுறை ஓடி முடியும் ஒன்ஷாட் வகை யூனிட்டாக வைத்து, சிஸ்டம்டி டைமரால் 20 விநாடிக்கு ஒருமுறை ஓட்டுங்கள். முந்தைய ஓட்டம் முடியாவிட்டால் புதியது தொடங்காது என்பது இதில் இலவசமாகக் கிடைக்கும். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஓட்டினால் 1 நிமிடத்துக்குக் குறைவாகப் போக முடியாது, ஒன்றன்மேல் ஒன்று ஓடாமலிருக்க எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையும் சேர்க்க வேண்டும்.

டைமரில் இரண்டு பொறிகள் உள்ளன. அக்யூரசிசெக் என்ற வரியின் இயல்பான மதிப்பு 1 நிமிடம்; அதாவது நீங்கள் 20 விநாடி என்று எழுதினாலும் சிஸ்டம்டி தன் வசதிக்குத் தள்ளிப்போடலாம். 1 விநாடி என்று மாற்றுங்கள். அடுத்தது இன்னும் பொல்லாதது: ஒன்ஷாட் யூனிட்டுக்கு ஸ்டார்ட் டைம்அவுட் இயல்பாகவே கிடையாது. உங்கள் சோதனை ஸ்கிரிப்ட் எங்காவது மாட்டிக்கொண்டால் டைமர் அதை மறுபடி தொடங்கவே தொடங்காது; கண்காணிப்பு செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியாது. டைம்அவுட்ஸ்டார்ட்செக் 3 நிமிடம் என்று எழுதி வையுங்கள்.

6. ரீஸ்டார்ட்டுக்கு முன் தடயம் எடுங்கள்

ரீஸ்டார்ட் ஆன மறுகணம் எல்லாத் தடயமும் அழிந்துவிடும். ப்ராசஸ் எங்கே மாட்டிக்கொண்டு நின்றது என்பதை, அது நிற்கும்போது மட்டும்தான் பார்க்க முடியும். இந்தப் படியைத் தவிர்க்கிறவர்கள் ஒரே ஹேங்கோடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறார்கள்.

மொத்தத்துக்கும் 15 விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது, ஏனென்றால் பயனர்கள் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் டைம்அவுட் கட்டளையைப் போட்டுச் சில விநாடி வரம்பு வையுங்கள். வரிசை இது: முதலில் த்ரெட் ஸ்டாக், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் கோடில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற பட்டியல். பைத்தானுக்குப் பை-ஸ்பை டம்ப், ஜாவாவுக்கு ஜேஸ்டாக், கோ மொழிக்குக் க்விட் சிக்னல். ஆனால் கோ ப்ராசஸ் ஸ்டாக்கை எழுதிவிட்டு அதோடு வெளியேறிவிடும், எனவே கோவுக்கு அதைக் கடைசியில் வையுங்கள். அடுத்து எஸ்எஸ் கட்டளையில் இந்த ப்ராசஸின் கனெக்ஷன்கள் முழுதும். பிறகு ப்ராக் டைரக்டரிக்குள் திறந்திருக்கும் ஃபைல்களின் எண்ணிக்கை, மெமரி நிலை, டிஸ்க் நிலை, ஜர்னலின் கடைசி 200 வரி.

முழு மெமரியையும் ஃபைலாக எடுக்கும் ஆசை வரும். வேண்டாம். அது பெரிது, எழுத நேரம் எடுக்கும், பாஸ்வேர்டும் பயனர் விவரமும் அதில் அப்படியே இருக்கும். தடய ஃபைல்களை ரூட் மட்டும் படிக்கும்படி வைத்து, கடைசி 20-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஸ்கிரிப்ட்டே அழிக்கட்டும். தடயமே டிஸ்க்கை நிரப்பினால் அடுத்த ஹேங்குக்கு அதுவே காரணமாகிவிடும்.

எடுத்ததை எப்படிப் படிப்பது? எல்லா த்ரெட்டும் ஒரே வெளி சேவையின் பதிலுக்காக சாக்கெட் படிப்பில் நின்றால், அந்த அழைப்பில் டைம்அவுட் இல்லை. டேட்டாபேஸ் கனெக்ஷன்களைப் பொதுவாக வைத்துப் பகிரும் பூலில் 10 கனெக்ஷன் என்று வைத்திருக்கிறீர்கள், டேட்டாபேஸ் போர்ட்டுக்குச் சரியாக 10 திறந்திருக்கிறது, மற்ற த்ரெட்டுகள் பூலில் இடம் கேட்டு நிற்கின்றன என்றால், எங்கோ ஒரு இடத்தில் கனெக்ஷனைத் திருப்பிக் கொடுக்காமல் விடுகிறீர்கள். க்ளோஸ்-வெயிட் நிலையில் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தால், மறுமுனை மூடிய கனெக்ஷனை அப்ளிகேஷன் மூடவில்லை. திறந்த ஃபைல்கள் 1024-ஐ ஒட்டி நின்றால் அது லினக்ஸின் வழக்கமான மென் வரம்பு. வரம்பை ஏற்றும் முன் எது கசிகிறது என்று பாருங்கள்.

7. ரீஸ்டார்ட்

இப்போதுதான் அந்தக் கட்டளை. அதிலும் ‘ரீஸ்டார்ட்’ வேண்டாம், ‘ட்ரை-ரீஸ்டார்ட்’ கொடுங்கள். முன்னது நிறுத்தி வைக்கப்பட்ட யூனிட்டையும் எழுப்பிவிடும். பின்னது ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் செயல்படும். நீங்கள் தடயம் எடுக்கும் 15 விநாடிக்குள் யாராவது கையால் நிறுத்தியிருக்கலாம்.

கட்டளை வெற்றி என்று திரும்பினால் வேலை முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். ஹெல்த் முகவரி மறுபடி 200 சொல்லும் வரை காத்திருந்து, ‘மீண்டது, இத்தனை விநாடி ஆனது’ என்று லாக்கில் எழுதுங்கள். மீளாவிட்டால் அதையும் எழுதி, உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

உச்சவரம்பு கட்டாயம். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டின் நேரத்தையும் ஒரு ஃபைலில் சேர்த்து, கடந்த 1 மணி நேரத்தில் 3 ஆகிவிட்டால் ஸ்கிரிப்ட் கையைக் கட்டிக்கொண்டு எச்சரிக்கை மட்டும் அனுப்பட்டும். மூன்று முறையும் தீராத நோய் நான்காவது முறை தீரப்போவதில்லை. ஒவ்வொரு முறையும் நடுவில் இருக்கும் வேலைகள்தான் அறுந்துபோகின்றன. படி 4-இல் வைத்த சிஸ்டம்டி வரம்பில் இந்த ரீஸ்டார்ட்டுகளும் சேர்ந்தே எண்ணப்படும் என்பதை நினைவில் வையுங்கள். வரம்பில் மாட்டிய யூனிட்டை உடனே கையால் எழுப்ப முதலில் ரீசெட்-ஃபெயில்டு கொடுக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். லோடு ஏறி மூன்றும் மந்தமாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ரீஸ்டார்ட் ஆனதும் அதன் பங்கு மற்ற இரண்டின் தலையில் விழும், அவையும் டைம்அவுட்டைத் தாண்டும், வரிசையாக விழும். எனவே ஒரே நேரத்தில் ஒரு சர்வர்தான் மீட்பில் இருக்கலாம் என்று ஒரு பொதுப் பூட்டு வையுங்கள். அது முடியாவிட்டால் குறைந்தபட்சம் ஒவ்வொரு சர்வரிலும் தோல்வி எண்ணிக்கையை வேறுபடுத்தி வையுங்கள்: 3, 5, 7 என்று.

கில் சிக்னலுக்கும் சாகாத ப்ராசஸ் உண்டு. பிஎஸ் கட்டளையில் அதன் நிலை டி என்று காட்டும். பழுதான டிஸ்க்குக்கோ, போய்விட்ட நெட்வொர்க் டிரைவுக்கோ காத்துக்கொண்டு கெர்னலுக்குள் மாட்டியிருக்கும். ஸ்கிரிப்ட் இதோடு மல்லுக்கட்டக் கூடாது. டி நிலையைக் கண்டால் நேராக ஆளைக் கூப்பிடட்டும்.

8. ஹெச்டிடிபி பேசாத அப்ளிகேஷனுக்கு: வாட்ச்டாக்

வேலை வரிசையிலிருந்து எடுத்துச் செய்யும் வொர்க்கர் போன்றவற்றுக்கு ஹெல்த் முகவரி இருக்காது. அங்கே சிஸ்டம்டியின் வாட்ச்டாக்கைப் பயன்படுத்துங்கள். வாட்ச்டாக்செக் 30 விநாடி என்று வைத்தால், அப்ளிகேஷன் அதற்குள் ‘நான் இருக்கிறேன்’ என்று சிஸ்டம்டிக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். பாதி இடைவெளியில், அதாவது 15 விநாடிக்கு ஒருமுறை, அனுப்புவது வழக்கம். செய்தி வராவிட்டால் சிஸ்டம்டி அபார்ட் சிக்னல் அனுப்பிக் கொல்லும், ரீஸ்டார்ட் விதிப்படி எழுப்பும். கோர் டம்ப் (சாகும் ப்ராசஸின் மெமரியை ஃபைலாக எடுக்கும் வசதி) இயக்கப்பட்டிருந்தால் தடயமும் கிடைக்கும்.

இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்றே ஒன்று: அந்தச் செய்தியை அனுப்பத் தனியாக ஒரு த்ரெட் போடுவது. வேலை செய்யும் லூப் உறைந்து கிடக்க, அந்தத் த்ரெட் மட்டும் 15 விநாடிக்கு ஒருமுறை ‘நலம்’ என்று கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். வேலை செய்யும் லூப்பே, ஒரு சுற்று முடித்த பிறகு, அனுப்ப வேண்டும். ஒரு வேலை 30 விநாடிக்கு மேல் எடுக்குமானால் வாட்ச்டாக் நேரத்தைக் கூட்டுங்கள், த்ரெட்டைக் கூட்டாதீர்கள்.

9. டாக்கரிலும் குபர்னெட்டிஸிலும் என்ன மாறும்

அப்ளிகேஷனைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் ஹெல்த்செக் எழுதிவிட்டால் தானாக மீளும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மீளாது. தனித்து ஓடும் டாக்கர், கன்டெய்னரை ‘அன்ஹெல்தி’ என்று குறிப்பதோடு நின்றுவிடும். ரீஸ்டார்ட் பாலிசி ப்ராசஸ் வெளியேறினால்தான் வேலை செய்யும். எனவே படி 5-இன் ஸ்கிரிப்ட் அங்கேயும் தேவை; கடைசியில் கொடுக்கும் கட்டளைதான் வேறு.

பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ், உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் சோதனை தோற்றால் தானே ரீஸ்டார்ட் செய்யும். ஆனால் அதன் இயல்பான டைம்அவுட் 1 விநாடி, 10 விநாடிக்கு ஒருமுறை, 3 தோல்வி. ஜாவா அப்ளிகேஷன், பயன்படாத மெமரியை மீட்கும் கார்பேஜ் கலெக்ஷனில் ஒரு விநாடி தாமதித்தாலே அது தோல்விக் கணக்கில் சேரும். டைம்அவுட்டைக் கூட்டுங்கள், மெதுவாக ஸ்டார்ட் ஆவதற்கு ஸ்டார்ட்அப் சோதனையைத் தனியாக எழுதுங்கள்.

10. வெளியிலிருந்து ஒரு கண்

இதுவரை சொன்ன எல்லாம் அதே மெஷினுக்குள் இருக்கிறது. மெஷினே போனால் ஸ்கிரிப்ட்டும் போய்விடும். வேறொரு இடத்தில் ஓடும் அப்டைம் கூமா போன்ற கண்காணிப்புக் கருவி ஒன்றை வைத்து, பயனர் வரும் அதே டொமைன் வழியாக, சான்றிதழோடு சேர்த்துச் சோதியுங்கள். அது ரீஸ்டார்ட் செய்யக் கூடாது, எச்சரிக்கை மட்டும்.

எதிர்த்திசையிலும் ஒன்று வேண்டும். சோதனை ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை முழுதாக ஓடியதும் வெளியே ஒரு முகவரிக்குத் தட்டிச் சொல்லட்டும்; 5 நிமிடம் தட்டல் வராவிட்டால் அங்கிருந்து எச்சரிக்கை. காவல்காரன் தூங்கிவிட்டானா என்று அறிய வேறு வழியில்லை.

சொந்த மெஷினாக இருந்தால் ஹார்ட்வேர் வாட்ச்டாக்கையும் இயக்குங்கள். சிஸ்டம்டியின் சிஸ்டம் கான்ஃப் ஃபைலில் ரன்டைம்வாட்ச்டாக்செக் என்ற ஒரே வரிதான். கெர்னலோ சிஸ்டம்டியோ உறைந்தால் மெஷின் தானாக ரீபூட் ஆகும்.

11. வேண்டுமென்றே ஹேங் ஆக்கிப் பாருங்கள்

சோதித்துப் பார்க்காத மீட்பை மீட்பாகக் கணக்கில் வைக்காதீர்கள். டெஸ்ட் சர்வரில் அப்ளிகேஷன் ப்ராசஸுக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்புங்கள். கில் கட்டளையோடு ஸ்டாப் என்று கொடுத்தால் போதும், ப்ராசஸ் அப்படியே உறையும். போர்ட் திறந்தே இருக்கும், சிஸ்டம்டி பச்சையாகவே காட்டும், கர்ல் மட்டும் 28 சொல்லும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தடய ஃபைல் உருவாகி, ரீஸ்டார்ட் ஆகி, ‘மீண்டது’ என்ற வரி வர வேண்டும். உறைந்த ப்ராசஸில் சில தடயக் கருவிகள் பதில் பெறாமல் டைம்அவுட் ஆகும். அவற்றுக்கு வைத்த வரம்பு வேலை செய்கிறதா என்பதும் இங்கே தெரிந்துவிடும்.

ஒரு நுணுக்கம். சிஸ்டம்டி டெர்ம் சிக்னலை அனுப்பிய கையோடு கன்டின்யூ சிக்னலையும் அனுப்பும். அதனால் ஸ்டாப் சிக்னலால் உறைந்த ப்ராசஸ் விழித்து ஒழுங்காக வெளியேறிவிடும். த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்து மாட்டிக்கொள்ளும் நிஜ டெட்லாக் அப்படி வெளியேறாது. டைம்அவுட்ஸ்டாப்செக் வேலை செய்கிறதா என்று பார்க்க, டெர்ம் சிக்னலைப் புறக்கணித்துத் தூங்கும் ஒரு டெஸ்ட் ப்ராசஸை அந்த இடத்தில் ஓட்டிப் பாருங்கள். 20 விநாடியில் கில் சிக்னல் பாய வேண்டும்.

பிறகு மற்றவை. டேட்டாபேஸை நிறுத்துங்கள்: எச்சரிக்கை வர வேண்டும், ரீஸ்டார்ட் ஆகக் கூடாது. யூனிட்டைக் கையால் நிறுத்துங்கள்: ஸ்கிரிப்ட் தொடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை உறைய வையுங்கள்: நான்காவது முறை ஸ்கிரிப்ட் ஒதுங்கி நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். டைமரை நிறுத்துங்கள்: 5 நிமிடத்தில் வெளியிலிருந்து செய்தி வர வேண்டும்.

12. தினசரி நடைமுறையில்

முதல் இரண்டு வாரம் ரீஸ்டார்ட் வரியை மட்டும் எடுத்துவிட்டு, ‘செய்திருப்பேன்’ என்று லாக்கில் எழுதும்படி ஓட்டுங்கள். லோடு ஏறும் நேரத்தில் தவறாகத் தூண்டப்படுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். எண்களை அதற்கேற்பத் திருத்திய பிறகு ரீஸ்டார்ட்டை இயக்குங்கள்.

தானாக நடந்த ஒவ்வொரு மீட்புக்கும் ஒரு பக் டிக்கெட் திறக்கட்டும், தடய ஃபைலின் பெயரோடு. சத்தமில்லாமல் மீண்டுகொண்டே இருந்தால் யாரும் காரணத்தைத் தேட மாட்டார்கள்.

அப்படித் தேடும்போது முதலில் திறக்க வேண்டிய இடம், வெளியே போகும் அழைப்புகள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு இயல்பான டைம்அவுட் கிடையாது. கோ மொழியின் இயல்பான ஹெச்டிடிபி க்ளையன்ட்டுக்கும் கிடையாது. ஜாவாவின் பழைய ஹெச்டிடிபி கனெக்ஷன் வகுப்பில் அது 0, அதாவது எல்லையில்லாக் காத்திருப்பு. மறுமுனையில் ஒரு சேவை பதில் சொல்லாமல் நின்றால் உங்கள் த்ரெட்டுகள் ஒவ்வொன்றாக அங்கே போய் நின்றுவிடும். கோட் முழுக்கத் தேடி, ஒவ்வொரு வெளி அழைப்புக்கும் விநாடிக் கணக்கில் ஒரு எண் கொடுங்கள். அந்த எண்களின் கூட்டுத்தொகை என்ஜின்எக்ஸின் 60 விநாடிக்குள் அடங்குகிறதா என்றும் பாருங்கள்.